இரண்டு நாடுகள் வாங்கிய மரம்

ஒரு நாடு எவ்வளவுக்கு மரம் வாங்கியது என்று சொல்லிவிடலாம்; இன்னொரு நாட்டோடு வைத்துப் பார்க்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. தேக்கு மாதிரி வெப்ப நாடுகளில் விளையும் கடின மரங்களின் இறக்குமதி மதிப்பை ஒப்பிட்டு, வியாபாரிகளுக்குச் சொல்வது என் வேலை. அலுவலகம் கிழக்குத் தாம்பரத்தில். எண்களோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

கதவு

எங்கள் அடுக்ககத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, லிஃப்டில் என் வேலையைப் பற்றி விசாரித்தார். இந்தியாவும் வியட்நாமும் வெளியிலிருந்து வாங்கும் மரத்தின் மதிப்பை ஒப்பிடுகிறேன் என்றேன். அவர் மாடி வரும்வரை யோசித்தார். பிறகு கையோடு அழைத்துப் போய்த் தன் குளியலறைக் கதவைக் காட்டினார்.

"வியட்நாமை அப்புறம் பார்க்கலாம் தம்பி. மழை வந்தா இது மூட மாட்டேங்குது, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

கப்பல் வாடகை

எங்கள் அலுவலகத்தில் ரேவதி வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நாடு நமக்கு விற்றதாகச் சொன்ன மதிப்பும், அதனிடம் நாம் வாங்கியதாகச் சொன்ன மதிப்பும் ஒத்துவரவில்லை. தன் தப்பு என்று நினைத்து, சாப்பிடக்கூடப் போகாமல் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தாள். விற்கிறவர்கள் தங்கள் துறைமுகம் வரைக்கும்தான் கணக்கு வைப்பார்கள், நாம் கப்பல் வாடகையையும் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்வோம் என்று விளக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டு பேரும் பொய் சொல்லலைன்னா சரி சார். நான் சாப்பிட்டு வரேன்."

பொத்தேரி மனை

முருகேசன் அண்ணனுக்குப் பொழிச்சலூரில் மரக்கடை. அறுத்த மரம் வாங்குவதில் வியட்நாமின் இறக்குமதி மதிப்பு நம்மைவிட எங்கேயோ போய்விட்டது என்று அவருக்குப் போனில் யாரோ அனுப்பியிருந்தார்கள். இனி நமக்கு மரமே மிஞ்சாது என்று முடிவுகட்டி, மனைவி பெயரில் இருந்த பொத்தேரி மனையை விற்றுக் கிடங்கை நிரப்பக் கிளம்பிவிட்டார். மறுநாள் முன்பணம் வாங்குவதாக இருந்தது. அதற்குமுன் உறுதி செய்துகொள்ள எங்களிடம் வந்தார். மனைவி லட்சுமி அக்காவும் கூட வந்திருந்தார்.

இரண்டு நாட்டுக் கணக்கையும் திறந்து காட்டினேன். அங்கே மதிப்பு ஏறியிருந்தது, அளவு ஏறவில்லை. அதே மரத்துக்குக் கூடுதல் விலை, அவ்வளவுதான். தவிர, நாம் பெரும்பாலும் முழு மரமாக இறக்கி இங்கே அறுக்கிறோம். அது வேறு தலைப்பில் வரும், இந்த ஒப்பீட்டில் இல்லை. ஆனாலும் அவன் எண்தானே பெருசா கீது என்று அண்ணன் விடாமல் வாதாடினார். எனக்கும் உள்ளூரப் பயம்தான். என் பேச்சைக் கேட்டு அவர் நின்று, நாளைக்கு விலை ஏறிவிட்டால்? அடுத்த வருஷ விலை எனக்குத் தெரியாது, இந்தக் கணக்கு சொல்வது இவ்வளவுதான் என்று முடித்தேன். அவர் திரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மனை வாங்க வந்தவரை போனில் அழைத்து வேண்டாம் என்றார்.

அதன்பிறகு விலை கொஞ்சம் இறங்கவே செய்தது. தாம்பரம் மார்க்கெட்டில் லட்சுமி அக்காவைப் பார்த்தபோது மனையைப் பற்றிக் கேட்டேன்.

"அன்னைக்கு அவரு இன்னா பார்த்தாருன்னு எனக்கு இன்னும் புரியல தம்பி. வூட்டுக்கு வந்ததும் பத்திரத்தை என் கையில குடுத்து, நீயே வெச்சிக்கன்னுட்டாரு."

இரண்டு நாட்டு மரத்தை எடைபோட்டுப் பிழைக்கும் எனக்கு, கட்டில் வாங்கப் போனால் எது தேக்கு என்று கடைக்காரர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.