வாளிக்குள் என்ன கரி

போர்க்காரர் என்ற பெயரைக் கேட்டுவிட்டு, யாரோ பெரிய சண்டைக்காரர் என்று வெளியூர் ஆட்கள் நினைப்பதுண்டு. மனைவியிடம்கூடக் குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர் அவர். லாரியில் துளையிடும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய் ஆழ்குழாய்க் கிணறு போடுவதுதான் தொழில். கம்ப்ரஸர் சத்தத்தில் ஒரு காது பாதி போய்விட்டது. அதனால் யார் பேசினாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, ஏதோ ரொம்ப மரியாதையாகக் கேட்பவர்போல நிற்பார்.

மழை தொடர்ந்து ஏமாற்றிய காலத்தில் அந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் வற்றிப்போயின. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். போர்க்காரர்தான் பாறையைத் துளைத்து, அதுவரை யாரும் போகாத ஆழத்துக்குப் போய்த் தண்ணீரை மேலே கொண்டுவந்தார். சாம்பல் நிறச் சேறு பீறிட்டு, பிறகு தண்ணீர் தெளிந்தபோது, அடுத்த வீட்டுத் தையல்காரம்மா முதல் டம்ளரைப் பிடித்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்க நல்லா இருக்கணும்ணா," என்றாள். அவள் வயிற்றில் அப்போது மூத்த மகள் இருந்தாள்.

அந்த மூத்தவளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோது, பல்லில் காவி படிந்ததுபோலப் பழுப்புத் திட்டுகள். ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை என்று தையல்காரம்மா அவளை அடித்தாள். சாம்பலும் உப்பும் போட்டு ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்துவிட்டாள். திட்டு போகவில்லை. பெண்ணுக்குச் சிரிப்புதான் போயிற்று. யாராவது வேடிக்கையாகப் பேசினால் உதட்டை இறுக மூடிக்கொண்டு தோளை மட்டும் குலுக்குவாள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். தெருவே போயிருந்தது. பல் டாக்டர் பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்லம்மா. இனிமே யாரும் பிள்ளைங்கள அடிக்காதீங்க. குடிக்கிற தண்ணில ஃபுளோரைடுங்கிற உப்பு அதிகமா இருக்கு, அதான் பல்லுல கறை," என்றார். பக்கத்து மேசையில் தண்ணீர் சோதிக்கும் அம்மா ஒருத்தி, அந்த ஆழ்குழாயிலிருந்து வரும் தெருக்குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சிவப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சிவப்பு நிற்காமல் வெளுத்தது; ஃபுளோரைடு இருந்தால் அப்படித்தான் வெளுக்குமாம். "இந்தப் பக்கத்துப் பாறைலயே இருக்கு. மேல் கிணத்துல கம்மி. ஆழமா போட்டதுலதான் அதிகம்," என்றாள்.

பின்னால் நின்றிருந்த போர்க்காரருக்கு நல்ல காதில் அது சரியாக விழுந்தது.

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாராவது சட்டையைப் பிடித்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "இனி வளர்ற பிள்ளைங்களையாவது பாருங்க. தையல்காரம்மாவோட சின்ன பொண்ணுக்கு இன்னும் பால்பல்தானே, புதுப்பல்லாவது தப்பிக்கட்டும்," என்றாள் மனைவி.

மறுநாளே அந்தச் சோதனை அம்மாவைத் தேடிப் போனார். மலிவாக வீட்டிலேயே செய்யக்கூடிய வடிகட்டி ஒன்றை அவள் காட்டினாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வாளி. மேல் வாளியில் கரி. கீழ் வாளியில் குழாய். அவ்வளவுதான். போர்க்காரர் விறகுக் கரியை இடித்து நிரப்பி, வடிந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினார். சிவப்பு மருந்து முன்னைப்போலவே வெளுத்தது.

"விறகுக் கரி இதைப் பிடிக்காது. எலும்பைச் சுட்ட கரிதான் பிடிக்கும்," என்றாள் அவள்.

கறிக்கடைக்காரர் எலும்பைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். லாரி நிற்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பழைய டிரம்மில் எலும்பை அடுக்கி, மூடியை மண் பூசி அடைத்து, சுற்றிலும் தீ மூட்டினார். முதல் தடவை சூடு போதாமல் தண்ணீர் மஞ்சளாக வந்தது. செத்த எலி நாற்றம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்குக் கறைப்பல்லே தேவலை," என்றாள். அடுத்த தடவை மூடி கழன்று காற்றுப் புகுந்து, எலும்பு வெள்ளைச் சாம்பலாகப் போயிற்று. கடைசியில் சோதனை அம்மா சொன்னபடி கறுகறுவென்று கரி கிடைத்தது. இடித்துச் சலித்துக் கழுவி நிரப்பினார். அந்தத் தண்ணீரில் சிவப்பு சிவப்பாகவே நின்றது. போர்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் வாளியை யார் வீட்டில் வைப்பது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தையல்காரம்மா வீட்டில் கறி, மீன் கிடையாது. முட்டைகூட வாங்க மாட்டார்கள். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "இது என்ன கரிண்ணா?"

"சுட்ட கரிம்மா. தண்ணிய நல்லாச் சுத்தம் பண்ணும்."

அவள் ஒரு டம்ளர் பிடித்துச் சின்னவளுக்குக் கொடுத்தாள். குழந்தை மடக்கு மடக்கென்று குடிப்பதைப் பார்த்தபடி அவர் நின்றார்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி, அவர் தம் வீட்டு வாசலுக்குத் திரும்பியதும்.

"சொல்லிக்கலாம்."

"எப்ப?"

"சொன்னா தூக்கிப் போட்டுடுவா. அந்தக் குழந்தைக்கு எல்லாப் பல்லும் முளைக்கட்டும்."

"அது அவ வீட்டு வாயிங்க, அதுல எது போகணும்னு அவதான் சொல்லணும்," என்றாள் மனைவி. அவர் காது கேட்காதவர்போல நகர்ந்துவிட்டார்.

தெருவில் மற்றவர்களும் வாளி கேட்டார்கள். அவர்களிடம் எலும்பு என்று சொல்லித்தான் கொடுத்தார். சிலர் முகம் சுளித்தார்கள், பிறகு வாங்கிக்கொண்டார்கள். இப்படித் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி ஒரு வீட்டுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. தையல்காரம்மா எதிரே வந்தால் அவர் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வார். அவளோ பார்க்கும் போதெல்லாம் நன்றி சொன்னாள். அந்த நன்றிதான் அவரைப் போட்டுப் பிடுங்கியது.

விஷயத்தை உடைத்தது கறிக்கடைக்காரர். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. சட்டை தைக்கக் கொடுக்கப் போன இடத்தில், "எங்கிட்ட கறி வாங்காத உங்க வீட்டுக்கும் நம்ம சரக்கு வந்துடுச்சு பாத்தீங்களா! சின்ன 'ரி' போட்டா கரி, பெரிய 'றி' போட்டா கறி, அவ்வளவுதான்," என்று சிரித்தார். தையல் இயந்திரம் சட்டைக் கையின் பாதியில் நின்றது.

அவள் வாளியை இடுப்பில் வைத்துச் சுமந்துகொண்டு வந்து போர்க்காரர் வாசற்படியில் இறக்கினாள். தண்ணீர் அலம்பிச் சேலையெல்லாம் நனைந்திருந்தது.

"என்ன கரின்னு கேட்டேனா இல்லையா?"

"ஆமாம்மா, நீ கேட்டே."

"அப்புறம் ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா வேணாம்னுடுவியோன்னு..."

"வேணாம்னு சொல்றதும் சொல்லாததும் என் இஷ்டம். என் வீட்டுக்குள்ள என்ன வரணும்னு நீங்க யாரு முடிவு பண்ண?" அவள் குரல் உடைந்தது. "கிணறு போட்டப்ப உங்களுக்குத் தெரியாது. அதுக்கு நான் என்னைக்காவது உங்களை ஒரு சொல் சொல்லியிருப்பேனா? இது தெரிஞ்சே செஞ்சீங்க."

அவள் போன பிறகும் வாளியிலிருந்து தண்ணீர் படியில் ஒழுகிக்கொண்டிருந்தது. மனைவி வந்து அதை ஓரமாக நகர்த்தினாள்.

அன்று சாயங்காலம் சின்னவள் தெருக்குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஓடிப்போய்த் தடுக்கக் கால் துடித்தது. எந்த முகத்தோடு போவது?

மறுபடி சோதனை அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "சொல்லாமயா குடுத்தீங்க? நாளைக்கு நான் சொல்ற எதையும் அந்தத் தெருவுல நம்புவாங்களா?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். கோபம் அடங்கிய பிறகு வேறு வழி ஒன்று சொன்னாள். அவர் தூக்கிப் போட்ட அதே விறகுக் கரியைப் படிகாரக் கரைசலில் ஊறவைத்து, பக்குவம் செய்து, பல தண்ணீரில் அலசினால் அதுவும் பிடிக்குமாம். ஆனால் எலும்பு அளவுக்குத் தாங்காது. சீக்கிரம் மாற்ற வேண்டும். படிகாரம் தண்ணீரில் இறங்குகிறதா என்று அடிக்கடி சோதிக்கவும் வேண்டும்.

மனைவிதான் தூது போனாள். தையல்காரம்மா உடனே வரவில்லை. வந்தபோது கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட ஒரு டப்பாவின்மேல் உட்கார்ந்து, ஆரம்பம் முதல் கடைசிவரை எல்லாவற்றையும் பார்த்தாள். கரித்துண்டை உடைத்து உள்ளே மரத்தின் ரேகை இருக்கிறதா என்று பார்த்தாள். படிகாரக் கட்டியை நாக்கில் தொட்டாள். புது வாளி வேண்டும் என்றாள். அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.

"அம்மா, என்னை மன்னிச்சிடு," என்றார் போர்க்காரர்.

"அதை இப்பக் கேக்காதீங்க. எப்ப மாத்தணும்னு மட்டும் சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். பிறகு கரி மாற்ற வேண்டிய நாளெல்லாம் வந்தாள், பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. சின்னவளுக்கு முன்பற்கள் முளைத்தபோது சுண்ணாம்புக் கோடுபோல மெல்லிய வெள்ளைத் தடம்தான் இருந்தது. அதைப் போர்க்காரருக்குக் காட்டச் சொல்லிக் குழந்தையைத் தாய்தான் அனுப்பினாள் என்று மனைவி சொன்னாள். அவர் அதை நம்ப விரும்பினார்; ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளத் துணிச்சல் இல்லை.

தொழிலை அவர் விடவில்லை. வேறொன்றும் அவருக்குத் தெரியாது. தண்ணீரைச் சோதிக்க அனுப்பி முடிவு வரும்வரை மோட்டார் இறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். அவசரக்காரர்கள் வேறு லாரியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஒருமுறை கரி வாங்கத் தாய்க்குப் பதில் மூத்தவள் வந்தாள். அவள் இப்போது கல்லூரி போகிற பெண். பையை நீட்டிவிட்டுக் கேட்டாள்.

"நீங்க போர் போடலைன்னா எங்களுக்குத் தண்ணியே கெடச்சிருக்காதுல்ல மாமா?"

"கெடச்சிருக்காதும்மா," என்றார் அவர், கரியை அள்ளிக்கொண்டே. "ஆனா ஒரு பாட்டில்ல பிடிச்சு அனுப்பிப் பாத்திருக்கலாம். தண்ணி சோதிக்கிற ஊருக்குப் போற பஸ் அப்பவும் இந்த வழியாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. எனக்குத் தோணலை."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. பையின் வாயைக் கட்டி, தூக்க வாகாக ஒரு சுருக்குப் போட்டு, அவள் கையில் கொடுத்தார்.