வாளிக்குள் நான் போட்ட சீட்டுகள்

ஒத்திகை இல்லாமல் நாடகம் போடுகிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: நன்றாக இருந்தால் முன்பே எழுதி வைத்தது என்பார்கள், மோசமாக இருந்தால் எழுதி வைத்திருக்கலாமே என்பார்கள். மேடையில் வார்த்தை வராமல் விழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நாம் சொந்தக்காரர்கள்.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா, தேவராஜ் லேத் ஓட்டுபவன். எங்கள் நாடகத்தைப் பார்க்க வந்தவர்கள் தலைப்பை எழுதி ஒரு வாளியில் போடுவார்கள். ஒரு சீட்டை எடுத்துப் படித்து, அந்த நிமிடமே இருவரும் நடிப்போம். வெளிநாடுகளில் இதற்கென்றே விழாக்கள் நடப்பதாக ஒரு பத்திரிகையில் படித்தேன். ஒன்றுக்காவது போய்விட வேண்டும் என்பதே அதன்பின் என் நினைப்பாக இருந்தது.

சாம்பார்

ஆயுத பூஜையன்று தொழிற்சாலை ஷெட்டில் முதல் ஆட்டம். வந்த சீட்டு, 'கேன்டீன் சாம்பார்'. தேவராஜ் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சாம்பாருக்குள் இறங்கிப் பருப்பைத் தேடினான். மேலே வந்து, "தரைதான் தெரியுது" என்றான். பிறகு இருவரும் இல்லாத இலையில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டோம். ஷெட்டே சிரித்தது.

விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்தால், கேன்டீன்காரர் எங்களைத் தாண்டிப் போனார். கூப்பிட்டுக் கேட்டேன். "மேடையிலயே வயிறு முட்ட துன்னீங்களே நைனா, இன்னும் இன்னாத்துக்கு எலை?"

எட்டாம் நம்பர்

சேக்காட்டில் ஒரு காலனி ஆண்டு விழா. எட்டாம் நம்பர் வீட்டுக்காரர் மோட்டார் போட்டு எல்லார் தண்ணீரையும் இழுக்கிறார் என்று சீட்டில் இருந்தது. அவராக நான் நடிக்க வேண்டும். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே எட்டாம் நம்பர்காரர் மேடையேறி, தான் நிரபராதி என்று விளக்க ஆரம்பித்தார். தேவராஜ் சட்டென்று குழாயாக மாறி நின்று, அவர் கைபட்டதும் வெறும் காற்று விட்டான். அவர் கோபப்படக் கோபப்படக் கைதட்டல். சங்கச் செயலாளர் நன்றியுரையில் சொன்னார்: "எட்டாம் நம்பர் சார்தான் பிரமாதம். அடுத்த வருஷம் அவரும் அந்தக் குழாயும் வந்தா போதும்."

நாலாக மடித்தது

அந்தப் பயம் போகவே இல்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து வீட்டிலேயே சீட்டு எழுதி, கைக்கு அடையாளம் தெரிய நாலாக மடித்து, வாளியில் கலந்துவிட்டேன். தேவராஜுக்குச் சொல்லவில்லை. எதைக் கொடுத்தாலும் நடிக்கிறவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பாரிவாக்கம் மாதா கோவில் திருவிழாவில் பெண் பார்க்கும் காட்சிக்குப் பெரிய கைதட்டல். உபதேசியார் என் தோளைத் தட்டினார். "போன மாசம் ஆவடியிலயும் இதே சீட்டுதான் வந்துச்சு தம்பி. தேவ சித்தம் போலக்கீது."

வெள்ளைக்காரர் சீட்டு

தொண்ணூறுகளில் ஒருநாள், அப்படியொரு வெளிநாட்டு விழாவுக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு வெள்ளைக்காரர் ஆவடியில் எங்கள் ஆட்டத்துக்கே வந்தார். கூட மொழிபெயர்க்க ஒரு அம்மா. விஷப்பரீட்சை வேண்டாமென்று, சபையோர் சீட்டு அத்தனையையும் ஜிப்பா பையில் திணித்துக்கொண்டு, வாளி நிறைய என் சீட்டுகளையே போட்டேன். அவர் கையாலேயே ஐந்து எடுத்தார். ஐந்தும் அமோகம்.

பிறகு அந்த அம்மா, "இவரும் ஒரு சீட்டு போட்டிருக்கிறார், அதையும் நடிக்கச் சொல்கிறார்" என்றார். வாளியைக் கவிழ்த்துத் தேடினார்கள். அவர் சீட்டு என் பையில் இருந்தது.

என் கை தானாகப் பையைப் பொத்திக்கொண்டது. தேவராஜ் என்னைப் பார்த்தான். அடுத்த நொடி போலீஸ்காரனாகி என் ஜிப்பாவைப் பிடித்தான்.

"பையில இன்னாடா?"

"சீட்டுங்கய்யா."

"ஏன்டா எடுத்த?"

"பயமா இருந்ததுங்கய்யா."

சீட்டுகள் கொட்டின. கூட்டம் உருண்டு சிரித்தது. நான் நடிக்கவே இல்லை.

வெள்ளைக்காரர் சொன்னதை அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: முதல் ஐந்தும் அற்புதம், ஆனால் கடைசிக் காட்சி ஒத்திகை பார்த்தது, அதனால் எங்களை எடுக்க முடியாது.

பஸ் ஸ்டாண்டு வரை தேவராஜிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தேன். அவனுக்கும் போக ஆசை இருந்திருக்கும். "நாலா மடிச்ச சீட்டு எனக்கு அன்னிக்கே தெரியும் மாமே. நீ பயப்படாம இருந்தா போதும்னு கம்முனு இருந்துட்டேன்" என்றான்.

ஆக, என் ஆயுளில் எழுதி வைக்காமல் நான் பேசிய உண்மையான வசனம் இரண்டே வரி, அதற்குத்தான் ஒத்திகை பார்த்தவன் என்ற பட்டம் கிடைத்தது.