பதினான்காவது வரியில் ஒரு கையொப்பம்

மீஞ்சூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குக் கணினி வந்து ஒன்றரை வருடத்தில் அதற்கு ஒன்பது முறை வைரஸ் வந்ததாக என் குறிப்பேட்டில் இருக்கிறது. ஒன்பதாவது முறை வந்தபோது என் மனைவி மூன்று வகுப்புகளின் அறிவியல் வினாத்தாள்களை முக்கால்வாசி தட்டச்சு செய்து முடித்திருந்தாள். அந்த ஜூனில்தான் எங்கள் பக்கத்து ஆரணியில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்திருந்தாள். காலாண்டுத் தேர்வுவரை வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் பற்றிப் பேசுவோம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். தாள்கள் திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் மேசையில் இருக்க வேண்டும்.

வைரஸ் அவற்றைத் தின்றுவிடுமோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் ஃபர்னஸ் சூப்பர்வைசராக இருந்தேன். எங்கள் எலக்ட்ரீஷியனிடம் புலம்பியபோது, கணினிப் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த, கணினியின் இயங்குதளத்தையே மாற்றிவிடும் லினக்ஸ் சிடியை டிபன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

“இத்த போட்டுக்கோண்ணே. வைரஸ்ஸு கிட்டயே வராது. நாஷ்டா துன்னுட்டு குந்துனா பகல் சோத்துக்குள்ள முடிஞ்சிடும்.”

“இருக்கற ஃபைலெல்லாம்?”

“வேணும்கறத வேற எங்கனா காப்பி பண்ணி வச்சிக்கினு போடு.”

வேறு எங்கே என்பதை நான் கேட்கவில்லை. பென் டிரைவ் வழியாகத்தான் ஒன்பது முறையும் வைரஸ் வந்தது என்பதால் அதை வீட்டுக்குள் விடுவதை நிறுத்தியிருந்தேன். கணினியில் சி என்றும் டி என்றும் இரண்டு டிரைவ்கள் இருந்தன. எங்கள் மில்லில் ஒன்றாம் ஃபர்னஸ், இரண்டாம் ஃபர்னஸ் என்றால் இரண்டு தனி ஃபர்னஸ்கள். அதே கணக்கில் வினாத்தாள்களை சி-யிலிருந்து டி-க்கு மாற்றி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, குறிப்பேட்டில் டிக் செய்தேன். பத்திரிகையில் இருந்த செய்முறையை இருபத்திரண்டு வரிகளாக எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. பன்னிரண்டு மணிக்கு மின்வெட்டு. அதற்குள் முடிக்க வேண்டும். மில்லில் எண்ணெய் வால்வை யாரும் தனியாகத் திறக்கக்கூடாது. ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர் செய்வார், வாசித்தவர் அந்த வரிக்கு நேரே கையெழுத்துப் போடுவார். இருபது வருடப் பழக்கம். மனைவியைக் கூப்பிட்டேன்.

“நான் எதுக்குங்க? உலையில அரிசி கெடக்கு.”

“வாசிக்கறது மட்டும்தான் உன் வேலை.”

பதின்மூன்றாம் வரிவரை அடுப்புக்கும் கணினிக்குமாக நடந்து வாசித்தாள். பதினான்காவது வரிக்குத் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்துவிட்டு நின்றாள்.

“இந்த டிஸ்க்ல இருக்கற எல்லாமே அழிஞ்சிடும்னு போட்டிருக்கே. என் கொஸ்டின் பேப்பரு?”

“அது டி-யில இருக்கு. இது சி-யச் சொல்லுது.”

“சி-ன்னு இதுல எங்கயும் காணோமே.”

“வாசிச்சாச்சு இல்ல? கையெழுத்துப் போடு.”

ஈரக்கையோடு போட்டாள். மை லேசாகப் பரவியது. நான் பொத்தானை அழுத்தினேன். மணி பத்து ஐந்து.

அதன்பிறகு உட்கார முடியவில்லை. முப்பத்தேழு சதவீதத்தில் பட்டை பதினோரு நிமிடம் நகராமல் நின்றது. மின்விசிறியின் வேகம் குறையும்போதெல்லாம் மின்சாரம் போய்விட்டதென்று எழுந்தேன். வாசலுக்குப் போய்த் தெருவின் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்துவிட்டு வந்தேன், அதைப் பார்ப்பதால் என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும். பதினொன்று முப்பத்தெட்டுக்குப் புதிய திரை வந்தது. சுத்தமாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே சுத்தம்.

“எட்டாங்கிளாஸ் பேப்பர எடுங்க. ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு” என்று வந்து நின்றாள்.

டி-யைத் தேடினேன். டி இல்லை. இருந்த மெனுக்களையெல்லாம் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் திறந்தேன். பிறகு எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன்.

“அண்ணே, சி, டி ரெண்டும் ஒரே டிஸ்க்குதான்ணே. ஒரே ஊட்ல நடுவுல சுவரு வச்ச மாதிரி. நீ ஊட்டையே இடிச்சிட்டு உள்ரூம்ல வச்ச பொட்டியத் தேடிக்கினு கீற.”

“திரும்ப எடுக்க முடியாதா?”

“அது மேலயே புது ஊடு கட்டிட்டியேண்ணே. பேஜாருதான்.”

நான் போனை வைப்பதற்கும் மின்சாரம் போவதற்கும் சரியாக இருந்தது.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாடப்புத்தகத்தோடு வந்து, “கோடு போடாத பேப்பர் எடுங்க” என்றாள். எங்கள் மில்லில் அறிவிப்புப் பலகைகளை எழுதுவது நான்தான். அச்சு மாதிரி இருக்கும் என்பார்கள். அவள் பாடப்புத்தகத்தைப் புரட்டி நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பாதிக் கேள்விகள் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராதபோது என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். ஒருமுறை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“அடுத்தது. மீளா மாற்றம் என்றால் என்ன? ரெண்டு எடுத்துக்காட்டு. ஒண்ணு வேணும்னா நானே குடுக்கறேன்.”

ஞாயிறு மாலை மூன்றாவது தாள் முடிந்தது.

திங்கள் எனக்கு முதல் ஷிஃப்ட். ஒன்பது மணிக்கு ஃபர்னஸின் வெப்பநிலையைக் குறித்தேன். குறித்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடி குறித்தேன். கையால் எழுதியதைத் தலைமையாசிரியை ஏற்பாரா என்பதே நாள் முழுவதும் ஓடியது. பிற்பகல் மின்சார ரயிலில் இடம் இருந்தும் மீஞ்சூர்வரை கதவருகிலேயே நின்றேன்.

அவள் வந்ததும் கேட்டேன். “இன்னா சொன்னாங்க?”

“டைப் பண்ணலியான்னாங்க. ஊட்ல கம்ப்யூட்டர் ரிப்பேருன்னேன். ஒவ்வொரு பக்கமா திருப்பினாங்க. என்ன நிக்கவச்சேதான் படிச்சாங்க. அப்புறம் ஜெராக்ஸுக்குக் குடுத்துட்டாங்க.”

“நிரந்தரம் பத்தி?”

“ஒண்ணும் சொல்லல. சொன்னாத்தான் தெரியும்.”

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவள் என் குறிப்பேட்டைக் கேட்டாள். பதினான்காவது வரியைத் தேடி, பரவியிருந்த தன் கையெழுத்தை ஒரே கோட்டில் அடித்தாள்.

“கையெழுத்துன்னா சரி பாத்தேன்னு அர்த்தம். நான் பாத்து கேட்டேன். நீங்க கேக்கல.”

அடித்ததன் பக்கத்தில் ‘கேட்டேன்’ என்று எழுதி அதன்கீழ் கையெழுத்துப் போட்டாள். குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் அந்தப் பக்கத்தையே மறுபடி எழுதுவது என் வழக்கம். அந்தப் பக்கத்தை மறுபடி எழுதவில்லை.