வாயில் நின்ற தண்ணீர்

"ரமலான் பிறை 9. தொழுகைக்கு ஒளு செய்யும்போது வாய் கொப்பளிக்க முடியவில்லை. அள்ளிய தண்ணீர் அவ்வளவும் சட்டையில்."

என் நோட்டில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

சகோதர சகோதரிகளே, நான் பென்னாகரத்தில் புளி வியாபாரம் செய்கிறவன். அதற்கு முந்தைய ரஜப் பிறை 21 காலையில், காட்டோரம் குத்தகைக்கு எடுத்த மரங்களைப் பார்க்கப் போனேன். கரடி அடித்துவிட்டது. புளி உலுக்க வந்த மாதையன்தான் தொரட்டிக் கம்பால் அதை விரட்டி என்னைத் தூக்கி வந்தார். உயிர் தப்பியது. மூக்கும் வலக் கன்னமும் மேலுதட்டில் பாதியும் போயின. ஆஸ்பத்திரிக்கு வந்த என் மகள் என் கையைப் பார்த்தே பேசினாள்.

சென்னையில் தொடைச் சதையை எடுத்துக் கன்னத்தில் வைத்தார்கள். படுத்தபடியே கிடைத்ததையெல்லாம் படித்தேன். சில நாடுகளில் இறந்தவரின் முகத்தையே எடுத்துப் பொருத்துகிறார்களாம். எனக்கும் அப்படி வைக்க முடியுமா என்று டாக்டரம்மாவிடம் எழுதிக் காட்டினேன்.

"உடம்பு அதைத் தள்ளாம இருக்க ஆயுசு பூரா மாத்திரை சாப்பிடணும் பாய். உங்க சதையை வெச்சே முடிஞ்சவரைக்கும் பண்ணிடலாம்" என்றார்.

மனம் ஆறவில்லை. ஊர் திரும்பியும் ஐந்து வேளையும், "யா அல்லாஹ், எனக்கு ஒரு முகம் கொடு" என்றே துஆ கேட்டேன். அந்தப் பிறை 9 அன்று ஈரச் சட்டையைப் பிழிந்தபடி என் மனைவி கேட்டாள்:

"ஏங்க, முகம் முகம்னு கேக்கறீங்களே, அது யாரு வூட்டு முகம்ங்க? அந்த வூட்ல ஒருத்தர் மவுத்தானாத்தானே உங்களுக்குக் கெடைக்கும்?"

கொடுக்கிறவர்கள் பெரிய மனசுக்காரர்கள். அதில் குறை ஒன்றுமில்லை. ஒரு சாவுக்காகக் காத்துக் கேட்ட என் துஆவில்தான் குறை. அன்று முதல் மாற்றிக் கேட்டேன்: "யா அல்லாஹ், ஒளுவுக்கு ஒரு வாய்த் தண்ணீர் நிற்கட்டும்."

ஷவ்வால் பிறை 14. கீழுதட்டுச் சதையைத் திருப்பி மேலுதட்டில் தைத்தார்கள். மூன்று வாரம் இரண்டு உதடும் ஒட்டியே இருந்தன. குழாய் வழியாகக் கஞ்சி. துஆ நெஞ்சுக்குள். பிறகு பிரித்துவிட்டார்கள். நெற்றித் தோலில் மூக்கும் வந்தது.

முஹர்ரம் பிறை 4, விடியற்காலை சுபுஹுத் தொழுகை. பள்ளிவாசல் ஹவுஸ் தொட்டியில் தண்ணீர் அள்ளி வாயில் விட்டேன். நின்றது! கொப்பளித்துத் துப்பினேன். மூன்று முறையும் நின்றது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அல்ஹம்துலில்லாஹ்.

கடைக்கு வந்த மாதையன் உற்றுப் பார்த்தார். "என்னங்க மொதலாளி, வலப்பக்கம் தாடியே மொளைக்கல?"

"தொடைத் தோலுப்பா அது."

"அப்ப சீப்பும் பாதி போதுமுங்க."

சிரித்தேன். உதடு ஒரு பக்கம்தான் ஏறியது. என் மகள் இப்போது என் முகத்தைப் பார்த்தே சண்டை போடுகிறாள்.

கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர்கள் உங்களில் இருந்தால், கேட்பதை நிறுத்தாதீர்கள். வைத்தியத்தையும் விடாதீர்கள். என்ன கேட்கிறீர்கள் என்பதை மட்டும் ஒருமுறை எழுதிப் படித்துப் பாருங்கள். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இன்னொன்று. அன்று ஹவுஸில் முகம் கழுவியபோது, தொடைத் தோல் வைத்த வலக் கன்னத்திலும் குளிர் தெரிந்தது போலிருந்தது. அங்கே உணர்ச்சி திரும்பும் என்று டாக்டரம்மா உறுதி கொடுக்கவில்லை. தொட்டுப் பார்க்கும் பரிசோதனை இன்னும் நடக்கவில்லை. ஆகவே நோட்டில் அதையும் ஒரு வரியாகக் குறித்து, எதிரே எழுதி வைத்திருக்கிறேன்: "இன்னும் உறுதியாகவில்லை."