மூன்று பனியன் போட்ட மாப்பிள்ளை

அறுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், உச்சி வெயிலில், மூன்று பனியன்களும் அவற்றின் மேல் ஒரு ஜிப்பாவும் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். பனியன்களில் இரண்டு என்னுடையவை. மூன்றாவதும் ஜிப்பாவும் என் கூட்டாளியுடையவை.

அப்போது கடலூர் முதுநகரில் ஒரு வேர்க்கடலைக் கிடங்கில் மூட்டைகளுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடியவன் நான். லாரியில் கிளீனராகவும் ஓட்டல்களில் இலை எடுப்பவனாகவும் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து ஒதுங்கிய இடம் அது. கிடைத்தபோது தின்று, கிடைக்காதபோது படுத்துக்கொண்ட உடம்பு. மூட்டை தூக்க லாயக்கில்லை என்றுதான் மேஸ்திரி என் கையில் கோணி ஊசியைக் கொடுத்தார். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம், திட்டக்குடியில் பேசிய சம்பந்தம் முறிந்தபோது வந்தது. "பையன் ஒட்டடைக் குச்சியா இருக்கான், டி.பி. கிபி இருக்கப் போவுது" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஒல்லியான ஆளை அந்தச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். எனக்கு அப்படி ஒரு நோயும் இல்லை. இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பனியன் யோசனை கூட்டாளியுடையது. என் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டை தைப்பவன், சிதம்பரத்துக்கும் கூடவே வந்தான். முஸ்லிம். கிடங்கில் எல்லாருக்கும் பாய், எனக்கு மட்டும் மச்சான்.

யோசனை பலித்தது. பெண்ணின் தாய்மாமன் என் தோளைத் தட்டி, "ஆளு நல்லா கட்டுமஸ்தாத்தான் இருக்காரு" என்றார். அவர் தட்டியது துணியை. பெண் காபி கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள். வைகாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

திரும்பும்போது ரயிலில்தான் நலங்கு ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையைச் சட்டையில்லாமல் மணையில் உட்காரவைத்து, பெண் வீட்டுப் பெண்கள் கையிலும் மார்பிலும் சந்தனம் பூசுவார்கள். தெருவே கூடி நிற்கும்.

விஷயத்தைச் சொன்னதும் பாய் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"எங்காளுங்க கல்யாணத்துல மாப்ளைக்கி சட்ட, அதுக்கு மேல கோட்டு, மூஞ்சிக்கு முன்னால பூவு. ஒங்காளுங்கதான் மச்சான் தோல உரிச்சிப் பாக்குறீங்க."

ஒரு மாதம் இருந்தது. வேர்க்கடலையும் வாழைப்பழமுமாகத் தின்றேன். பயந்துகொண்டே தின்றது வயிற்றில் நிற்கவில்லை. விடிந்ததும் சணலால் புஜத்தைச் சுற்றி அளந்து முடிச்சுப் போடுவேன். மறுநாள் முடிச்சு அதற்கும் உள்ளே விழும். கவலையில் உடம்பு இளைத்தது, இளைத்ததைப் பார்த்துக் கவலை கூடியது. ஒருநாள் பாய் அந்தச் சணலைப் பார்த்துவிட்டான்.

"இது மூட்ட தைக்கிறதுக்கு. ஆள அளக்க இல்ல" என்று பிடுங்கி, அதைக் கொண்டே ஒரு மூட்டையைத் தைத்து லாரியில் ஏற்றிவிட்டான்.

அன்றிலிருந்து மத்தியானம் தன் தூக்கிலிருந்து எனக்கும் சோறு போட்டான். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான். பினாங்கில் கடை வைத்திருந்த தன் பெரியத்தாவின், அதாவது பெரியப்பாவின், கதைகளைச் சொல்வான். பாதி பொய். கேட்டுக்கொண்டே தின்றால் தின்பது தெரியாது. அப்படித் தின்றதுதான் வயிற்றில் தங்கியது. சதை வைக்கவில்லை, ஆனால் தூக்கம் வந்தது.

நலங்கு அன்று சாயங்காலம், வேறு வழி தெரியாமல் அதே மூன்று பனியன், ஜிப்பாவோடு பெண் வீட்டு மணையில் உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் அத்தை, தாய்மாமனின் மனைவி, சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"சட்டையக் கழட்டுங்க மாப்ளே."

"பரவால்ல அத்த, இப்பிடியே பூசுங்க."

"துணிக்கா பூசுறது? இவுரு வெக்கத்துக்குப் பொண்ணே தேவலாம் போலருக்கே!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அசையவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. "ஒடம்புல எதனா தழும்பு இருக்குதோ?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். இதற்கு மேல் மறைத்தால் இன்னும் மோசமாகும் என்று கழற்றத் தொடங்கினேன். ஜிப்பா. ஒரு பனியன். இன்னொன்று. மூன்றாவதைத் தூக்கும்போது முகம் துணிக்குள் இருந்த அந்தக் கொஞ்ச நேரம், அப்படியே இருந்துவிடலாமா என்று இருந்தது.

முகம் துணியிலிருந்து வெளியே வந்ததும் தாய்மாமன் கிட்டே வந்தார்.

"இருமல் கிருமல் உண்டா? மறைக்காம சொல்லுங்க."

"இல்ல மாமா. பசியில வளந்த ஒடம்பு. அவ்ளோதான்."

"இத்தன துணியப் போட்டு ஏமாத்துனவரு பேச்ச எப்பிடி நம்புறது? கல்யாணத்த நிறுத்திட வேண்டிதான்."

"மாமா, எனக்கு அன்னிக்கே தெரியும்" என்று வாசற்படியிலிருந்து ஒரு குரல். தன் நலங்குக்காகக் காத்து நின்ற பெண்தான்.

"என்னாடி தெரியும்?"

"காபி வாங்கசொல்ல மணிக்கட்டப் பாத்தேன். கை குச்சியாட்டம், ஒடம்பு பீப்பாயாட்டம். உள்ள என்னமோ அடச்சிருக்காருன்னு தெரிஞ்சிச்சி."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நெஞ்சுல நோவு இருக்கறவரு அந்த வெயில்ல அத்தன துணியோட டேசன்லேர்ந்து நடந்து வருவாரா? கூட வந்த பாயிக்குக் கூட மூச்சு வாங்குச்சி. இவுருக்கு வாங்கல. நின்னு பாத்துட்டுத்தான் உள்ள போனேன்."

"ஆமாங்க, எனக்குத்தான் வாங்குச்சி" என்றான் கூட்டத்தில் நின்ற பாய்.

யாரோ சிரித்தார்கள். தாய்மாமன் என் நெஞ்சையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனைவியிடம், "சந்தனம் காயுது பாரு, பூசு" என்றார்.

அத்தையின் விரல்கள் என் விலாவில் பட்டதும் ஒரு கணம் தயங்கின. பிறகு, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்தார். கூசியது. நான் நெளிவதைப் பார்த்துப் பெண்கள் இன்னும் கொஞ்சம் பூசினார்கள்.

நான் எழுந்ததும் அதே மணையில் அவள் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் ஒல்லியான கைகள். இடது முழங்கையருகே அடுப்பில் சுட்ட பழைய தழும்பு ஒன்று. கழுத்து கொஞ்சம் நீளம். பெண் பார்க்கப் போன அன்று இது எதுவும் என் கண்ணில் படவில்லை. பனியன் தெரிகிறதா, ஜிப்பா விலகுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது ஓரமாக நின்று, சந்தனம் மார்பில் காய்ந்து இழுக்க, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.