சிமியோன் அண்ணையின் சங்கங்குப்பி வேலி

சிமியோன் அண்ணை குருநகரில் மீன் ஏலம் கூறிய காலத்தில், அவர் முதல் விலையைச் சொன்னதுமே கடலுக்கு அந்தப் பக்கம் மண்டைதீவில் பெண்கள் சட்டியைக் கழுவி அடுப்பில் வைத்துவிடுவார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். நிறையக் கூட்டவில்லை.

நான் அருட்பிரகாசம், அவருக்குப் பக்கத்து வளவு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். அதற்குப் பிறகு கடல்தான். ஒரு நாள் கடல் கொந்தளித்து, என் வலையில் ஒரு கூடை ஓரா மீன் மட்டும் விழுந்தது. எல்லாம் விரல் நீளம். வெட்கத்தில் கூடையைக் கடைசியில் வைத்து, அதற்குப் பின்னால் நானும் ஒளிந்துகொண்டேன். அவர் மீன்பெட்டியைக் கவிழ்த்து அதில் ஏறி நின்றார்.

"அருள் வலை போட்ட இடத்திலை கடல் தண்ணியே இனிப்பு. அந்தத் தண்ணியிலை வளந்த ஓரா இது. சட்டிக்குப் புளி தேவையில்லை, உப்புத் தேவையில்லை, அடுப்புக்கூடத் தேவையில்லை. கேளுங்கோ."

அன்றைக்கு என் ஓரா பாரை மீனுக்கு முன்னால் விலைப்பட்டது. அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு மூக்கில் மீன் மணமும் காதில் அவருடைய குரலும் ஒன்றாகத்தான் வரும்.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்குத் தொண்டையில் வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டுக் உள்ளே சின்ன வால்வோடு கழுத்தில் ஒரு துவாரம் வைத்தார்கள். அதை விரலால் பொத்தினால் ஒரு சத்தம் வரும், ஸ்ராட் வராத பழைய மோட்டர் மாதிரி. வீட்டுக்கு வந்த முதல் கிழமை, தேங்காய் கொண்டுவந்த மனிதரிடம் அவர் ஏதோ கேட்டார். அந்த மனிதர் பயந்து ஓடினார் என்று ஊருக்குச் சொன்னது நான்தான். உண்மையில் ஓடவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். அது ஓடுவதைவிட மோசம்.

அதோடு அண்ணை பேச்சை நிறுத்திவிட்டார். மனைவி கிறிஸ்ரினா அக்காவிடமும் என்னிடமும் மட்டும் கதைப்பார். அவருடைய முற்றம் ஒழுங்கையோடு ஒட்டினது. அந்தச் சின்னத் தெருவால் கரைக்குப் போகிற சனம் எல்லாம் எட்டிப் பார்த்து "எப்பிடி அண்ணை?" என்று கேட்கும். அவர் எழும்பி உள்ளே போய்விடுவார்.

"அருள், வேலி வேணும்," என்றார் ஒரு நாள். "ஆள் தெரியாத வேலி."

"மதில் கட்டுங்கோவன்."

"மதில் கட்டினால் மறியலுக்குள்ளை அடைச்சு வைச்ச மாதிரி. பச்சையா வேணும்."

முதலில் செவ்வரத்தை வைத்தோம். தலைக்கு முழுகுகிற பெண்கள் எல்லாம் இலை கேட்டு வந்தார்கள். இலையைக் கிள்ளிக்கொண்டே சுகம் விசாரித்தார்கள். அதைப் பிடுங்கி மருதோண்டி வைத்தோம். கலியாண வீட்டுப் பெட்டைகள் சொப்பிங் பையோடு வந்து நின்றார்கள். ஆளை மறைக்க வைத்த வேலி ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தது.

நான் சைக்கிளை மிதித்து, எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் செடி விற்கிற கனகலிங்கத்திடம் போனேன்.

"என்ன பாவிப்புக்கு?" என்றார் அவர்.

"ஒரு பாவிப்பும் இருக்கக்கூடாது. காய்க்கக்கூடாது, மணக்கக்கூடாது, ஆடு கடிக்கக்கூடாது, ஒருத்தரும் இலை கேட்டு வரக்கூடாது. உப்புக்காத்துக்குச் சாகாமல் வருசம் முழுக்கப் பச்சையா நிக்கோணும்."

"செடி தேடுறியளோ, மருமோன் தேடுறியளோ?"

"மருமோன் எண்டால் உதிலை பாதி இல்லாட்டிலும் எடுத்திருப்பன்."

அவர் சங்கங்குப்பித் தடிகளைக் கட்டித் தந்தார். இலை கசப்பு, ஆடு மோந்துவிட்டுப் போய்விடுமாம். "முழங்கால் உயரம் வந்தவுடனை நுனியை வெட்டுங்கோ. அப்பத்தான் அடியிலையிருந்து கிளைக்கும். வெட்டேக்கை அடி அகலமா, தலை ஒடுக்கமா வெட்டுங்கோ. இல்லாட்டி அடி இலைக்கு வெயில் கிடையாது, கொட்டிப்போடும்."

இதை நான் ஒரு சொல் விடாமல் அண்ணையிடம் சொன்னேன். அவருக்கோ உயரம்தான் அவசரம். வெட்டுக் கத்தரியைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்தார். செடி ஆளுயரம் வளர்ந்தது, மேலே அடர்த்தி. கீழே வெறும் தடி. ஒழுங்கையால் போகிறவர்களுக்கு அண்ணையின் முகம் தெரியவில்லை, முழங்காலும் உடுத்த சாரமும் மட்டும் தெரிந்தன. சனம் காலுக்கு வணக்கம் சொல்லத் தொடங்கியது.

"அண்ணை, உங்கடை கால் இண்டைக்கு நல்ல சந்தோசமா நிக்குதாம்," என்றேன்.

கட்டிலுக்குக் கீழே இருந்த கத்தரி வெளியே வந்தது. எல்லாவற்றையும் முழங்கால் அளவுக்கு வெட்டி மறுபடி தொடங்கினோம். இந்த முறை கனகலிங்கம் சொன்னபடி. ஒரு வருடத்துக்கு மேல் போனது. பிறகு பார்த்தால் அடியிலிருந்து தலைவரை பச்சைச் சுவர், எறும்பு நுழைவதென்றாலும் வழி கேட்கவேண்டும். அண்ணை அதற்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் ஆசைப்பட்டதுதான். ஆனால் முகத்தில் அந்த ஆசை நிறைவேறின களை இல்லை.

போன மாசி மாதம் ஒரு காலை. உள்பக்கத்தை நாங்கள் இரண்டு பேரும் கவ்வாத்துப் பண்ணிக்கொண்டு நின்றோம். வெளியே மோட்டர்சைக்கிளில் மீன் விற்கிற ஜெயசுதன் வந்து நிற்பாட்டினான். கிறிஸ்ரினா அக்காவும் நாலைந்து பெண்களும் சுற்றி நின்றார்கள்.

"விடியப் பிடிச்ச விளைமீன் அக்கா," என்று சொல்லிக்கொண்டு ஒன்றைத் தராசில் போட்டான்.

அண்ணையின் கை நின்றது. புது மீன் விறைப்பாக இருக்கும், தட்டில் விழுந்தால் பலகையைத் தட்டின மாதிரிக் கேட்கும். பழசு ஈரச்சாரம் விழுந்த மாதிரிச் சொத்தென்று விழும். எனக்கும் அந்தச் சொத்தென்ற சத்தம்தான் கேட்டது.

அவர் கை தட்டினார். அதற்குள் பெண்கள் விலை பேசத் தொடங்கிவிட்டார்கள், அந்த இரைச்சலில் எடுபடவில்லை. போய்ச் சொல்லு என்று எனக்குச் சைகை காட்டினார்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அண்ணை. நீங்களே சொல்லுங்கோ," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கருவாடு காய்ந்திருக்கும். வெளியே அக்கா மீன் வெட்டச் சொல்லும் சத்தம் கேட்டது. அண்ணை கத்தரியை எடுத்து, ஒன்றரை வருடப் பச்சையில் முகம் கொள்ளும் அளவுக்குச் சடசடவென்று வெட்டினார். தலையை வெளியே நீட்டினார். விரல் கழுத்துக்குப் போனது.

"மோனை, உது விடியப் பிடிச்சதில்லை."

பெண்கள் எல்லோரும் வேலிப் பக்கம் திரும்பினார்கள். ஜெயசுதன் தராசைக் கீழே வைத்தான்.

"நேற்றுப் பின்னேரத்தான் ஐயா."

"பின்னேரத்து மீன் உப்பிடி விழாது. முந்தநாளையான். ஐசிலை கிடந்தது."

ஜெயசுதன் முகத்தைத் திருப்பவில்லை. கிட்ட வந்து, வேலி ஓட்டைக்குள் குனிந்தான்.

"ஐயா, உதைக் கொஞ்சம் மெல்லமாச் சொல்லுங்கோ. எனக்கு இன்னும் நாலு ஒழுங்கை கிடக்கு."

அண்ணையின் தோள் குலுங்கியது. விரலை எடுத்திருந்ததால் சத்தம் வரவில்லை, ஆனால் மனிதர் சிரித்தார். கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தார். மெல்லமாகச் சொல்லுங்கோ என்று அவரிடம் கேட்க மூன்று வருடத்துக்குப் பிறகு ஒருவன் வந்திருக்கிறான்.

சனிக்கிழமை காலை என் வாசலில் கத்தரியோடு நின்றார். வேலியை நெஞ்சளவுக்கு இறக்கவேண்டுமாம்.

"ஒரேயடியா இறக்கினால் உள்ளுக்குக் குச்சிதான் தெரியும் அண்ணை."

"தெரியட்டும். தளிர்க்கும்."

நாங்கள் வேலியை வெட்டி இறக்கிக்கொண்டு நிற்க, ஒழுங்கையில் இரண்டு பெண்கள் மீன் பையோடு நின்றுவிட்டார்கள். ஒருத்தி பையைத் திறந்து, "அண்ணை, உதை ஒருக்காப் பாருங்கோ," என்றாள்.

அவர் கத்தரியை என் கையில் தந்தார்.

"நீ வெட்டு அருள். இன்னும் ஒரு சாண் இறக்கு," என்று சொல்லிவிட்டு, வேலிக்கு மேலால் பையை வாங்கினார்.