கோட்டைக்குச் சொன்னது யார்?

புதுக்கோட்டையிலிருந்து திருமயம், பொன்னமராவதி போகிற அரசு பஸ்களில் நாகராசுவைத் தெரியாத கண்டக்டர் கிடையாது. செக்கிங் இன்ஸ்பெக்டர். வயது நாற்பத்தெட்டு. லேனாவிளக்கிலோ நமணசமுத்திரத்திலோ ஓரமாக நிற்பார், கை காட்டுவார், ஏறுவார். டிக்கெட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே ஆளின் முகத்தைப் பார்த்து முடித்திருப்பார். தூங்குகிற மாதிரி நடிப்பவனின் இமை துடிப்பது அவருக்கு மூன்று சீட் தள்ளியே தெரிந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான். தராசில் தக்காளி நிறுக்கிறவரின் விரலைத்தான் பார்ப்பாரே தவிர தக்காளியைப் பார்க்க மாட்டார். “ஒங்களுக்கு என்னையவே நம்பிக்கை கெடையாது, தக்காளிக்காரன எங்கிட்டு நம்பப் போறீங்க” என்று மனைவி செவந்தி சொல்வாள்.

அப்படிப்பட்டவர் கொரோனா சமயத்தில் பஸ் நின்றபோது மகள் ஹரிணியிடம் பூதச் சண்டை விளையாடக் கற்றுக்கொண்டார். போனில் ஆடுகிற விளையாட்டு. பூதங்களைப் பிடித்து, வளர்த்து, ஆறு பூதங்கள் கொண்ட ஒரு டீம் கட்ட வேண்டும். நெருப்புப் பூதம் செடிப் பூதத்தை எரிக்கும். செடி தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் நெருப்பை அணைக்கும், பாறையைக் கரைக்கும். எதற்கும் ஒரு எதிரி உண்டு. பலசாலிகளாகப் பார்த்து ஆறு பேரைச் சேர்த்தால் தோற்றுப்போவோம். அடிக்க ஆள் வேண்டும், அடி வாங்க ஆள் வேண்டும், முந்திக்கொள்ள ஒருவன், எதிராளியை முடக்க ஒருவன். ஒருவனுடைய பலவீனத்தை இன்னொருவன் மூட வேண்டும். சண்டைக்கு முன்னால் இரண்டு பேரும் அடுத்தவரின் ஆறு பூதங்களையும் பார்க்கலாம். அதில் எந்த நாலை இறக்குவார், எதை முதலில் இறக்குவார் என்பது மட்டும் தெரியாது.

ஹரிணி திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய் விளையாட்டை ஏறக்குறைய மறந்துவிட்டாள். நாகராசு மறக்கவில்லை. அடுத்த பஸ் வருகிற வரைக்கும் நிழலில் நின்று ஆடினார். அவருடைய பூதங்களுக்கு அவரே பெயர் வைத்தார். நெருப்புப் பறவைக்குக் கங்கு. தண்ணீர் ஆமைக்கு ஊருணி. முள் செடிக்குக் கத்தாழை. இரும்பு உடம்புக்காரனுக்குப் பூட்டு. எதிராளியைத் தூங்க வைப்பவனுக்குத் தூங்குமூஞ்சி. எதிராளி ஒளித்து வைத்திருக்கும் பொருளைக் கண்டுபிடிப்பவனுக்குக் காக்கா. இந்த ஆறு பேரையும் வைத்துக்கொண்டு மாவட்டத்துக்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து நடத்திய வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதமாக முதல் மூன்று இடத்துக்குள்ளேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம். அந்த ஒரு மணி நேரம் செவந்தி அவரிடம் பேசுவதில்லை.

குழுவில் அவருக்கு ஜோடி பிளெஸ்ஸி. கட்டுமாவடியில் ஐஸ் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிற பெண், இருபத்தாறு வயது. நேரில் பார்த்ததில்லை. போனில் பேசிப் பேசிப் பழக்கம். மே மாதம் புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜோடிப் போட்டி நடக்க இருந்தது. அதற்காக வாரம் மூன்று நாள் பயிற்சி ஆட்டம் ஆடினார்கள்.

பிப்ரவரியில்தான் ‘கோட்டை’ வந்தது.

அந்தப் பெயரில் குழுவில் சேர்ந்த ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. பேசுவதில்லை, படம் வைக்கவில்லை. முதல் ஞாயிறு நாகராசு தோற்றார். சரி, அதிர்ஷ்டம் என்று விட்டார். இரண்டாவது தடவை மோதியபோது, ஊருணி உடம்பு சரியாக்கிக்கொள்ள ஒரு பச்சிலையை ஒளித்து வைத்திருந்தது. கோட்டை முதல் அடியிலேயே அந்த இலையைத் தட்டிப் பறித்தது. நாகராசு போனைக் கீழே வைத்துவிட்டார். ஊருணியிடம் இலை இருப்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்பது அவர் கணக்கு. ஹரிணியிடம் ஒரு நாள் பெருமையாகச் சொல்லியிருந்தார். பிளெஸ்ஸிக்குப் பயிற்சியில் தெரியும்.

சந்தேகம் வந்தால் அதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர் வேலையில் கற்றது. சொன்னால் ஆள் உஷாராகிவிடுவான். அதனால் யாரிடமும் கேட்கவில்லை. கவனிக்க ஆரம்பித்தார்.

முதலில் பஸ்ஸில் கவனித்தார். கோட்டை என்றால் திருமயம் கோட்டையாக இருக்கலாம். திருமயத்தில் ஏறுகிறவர்கள் போனில் என்ன பார்க்கிறார்கள் என்று டிக்கெட் வாங்குகிற சாக்கில் குனிந்து பார்த்தார். ஒரு அம்மாள், “டிக்கெட்டு இந்தக் கையில இருக்கு சார், அந்தக் கையில என்னத்தப் பாக்குறீங்க?” என்று கேட்டு, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் மெமோ கொடுத்த கண்டக்டர்களை எண்ணினார். அதில் போனில் விளையாடுகிற ஆள் எவன்? வெற்றிசெல்வன் என்கிற கண்டக்டர் ஒரு நாள் டீக்கடையில் அவரைப் பார்த்துச் சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று இரண்டு நாள் யோசித்தார்.

அப்புறம் பிளெஸ்ஸியின் பேச்சு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது.

“சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஒங்க டீம்ல அஞ்சு பேரு காவலுக்கு நிக்கிறாங்க. கங்கு ஒண்ணுதான் அடிக்குது” என்றாள் ஒரு பயிற்சிக்குப் பிறகு.

“அதான் பேலன்ஸும்மா. எந்தப் பக்கத்துலருந்து வந்தாலும் தடுத்துருவோம்ல.”

“தடுத்துட்டே இருந்தா எப்ப சார் செயிக்கிறது? பூட்ட எடுத்துட்டு இன்னொரு அடிக்கிற ஆள் வைங்களேன். எத வைக்கலாம்னு இருக்கீங்க?”

எத வைக்கலாம்னு இருக்கீங்க. போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி அவர் காதை விட்டுப் போகவில்லை. இவளுக்கு எதற்கு அது?

மார்ச் கடைசி ஞாயிறு கோட்டையோடு மறுபடியும் ஆட்டம் விழுந்தது. நாகராசு பொறி வைத்தார். வியாழக்கிழமை பிளெஸ்ஸியிடம், “ஊருணிய எடுத்துட்டுப் பாறை ஒண்ணு வைக்கப் போறேன், யாருட்டயும் சொல்லாதீங்க” என்றார். வெள்ளிக்கிழமை ஹரிணிக்குப் போன் செய்து, “ஆத்தா, கத்தாழைய எடுத்துட்டு மின்னல் பூதம் ஒண்ணு வைக்கிறேன்” என்றார். இரண்டும் பொய். டீமில் ஒரு மயிரிழை கூட மாற்றவில்லை. பாறைக்கு எதிரி தண்ணீர். மின்னலுக்கு எதிரி மண். கோட்டை எதைக் கொண்டு வருகிறதோ அதை வைத்துக் கசிந்த வாயைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஞாயிறு நாலு மணி. திரையில் கோட்டையின் ஆறு பூதங்கள் வரிசையாக வந்து நின்றன. அதில் இரண்டு தண்ணீர். இதுவரைக்கும் ஒரு தடவை கூடக் கோட்டை இரண்டு தண்ணீர் கொண்டு வந்ததில்லை.

நாகராசுக்குத் தோற்ற வருத்தமே இல்லை. கங்கு முதல் சுற்றிலேயே அணைந்துபோனது. மற்றவர்கள் தடுத்துத் தடுத்துக் களைத்து விழுந்தார்கள். அவர் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. ஆள் மாட்டிக்கொண்டாள் என்கிற அந்தப் பழைய சூடு உடம்பெல்லாம் ஏறியது. உட்கார்ந்த இடத்திலேயே பிளெஸ்ஸிக்கு எழுதினார்: ‘நீங்கள் கோட்டைக்குச் சொன்னது எனக்குத் தெரியும். ஆதாரம் இருக்கிறது. இனிமேல் நமக்குள் பேச்சு வேண்டாம்.’

பதினைந்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. ‘சரிங்க சார்.’ அவ்வளவுதான். மறுப்பும் இல்லை, கெஞ்சலும் இல்லை. குற்றவாளிதான் இப்படி ஒதுங்குவாள் என்று அதையும் ஆதாரத்தில் சேர்த்துக்கொண்டார்.

ஏப்ரலில் குழுவினர் மண்டபத்தைப் பார்த்துவிட்டு விதிமுறை பேசுவதற்காக ஒரு சனிக்கிழமை மதியம் கூடினார்கள். இருபது பேர் வந்திருந்தார்கள். பிளெஸ்ஸி வரவில்லை. நாகராசு வாசலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை ஒவ்வொருவராக அளந்தார். நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர், காட்டன் சேலை, தோளில் பள்ளிக்கூடப் பை, நேராக அவரிடம் வந்து கும்பிட்டார்.

“நாகராசு சார்தானே? நான் சொர்ணவல்லி. பொன்னமராவதிப் பக்கம் ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருக்கேன். பொறந்த ஊரு திருமயம். அதான் கோட்டைன்னு பேரு வச்சேன்.”

நாகராசுக்கு எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

“ஒங்ககிட்ட ஆடத்தான் சார் இந்தக் குழுவுலயே சேந்தேன். ஒங்க ஆட்டம் அறுவத்து மூணும் பாத்துட்டேன்.”

“எங்க பாத்தீங்க? யாரு காட்டுனா?”

“யாரு காட்டணும்? ஆடி முடிச்சதும் ரீப்ளேன்னு தானா பதிவாகுதுல்ல. மூடி வைக்கலைன்னா யாரு வேணும்னாலும் பாக்கலாமே.” டீச்சர் பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கோடு போட்ட பக்கங்களில் நாகராசுவின் ஆட்டங்கள் தேதி வாரியாக இருந்தன. “இந்தா பாருங்க. அறுவத்து மூணுல அம்பத்தேழு ஆட்டம் கங்குவத்தான் மொதல்ல எறக்கியிருக்கீங்க. ஊருணி எல வச்சிருக்கு, எப்ப திங்கும், எல்லாம் இதுல இருக்கு. கங்கு விழுந்துட்டா அப்பறம் ஒங்ககிட்ட அடிக்க ஆளே இல்ல சார். அதான் போன வாட்டி ரெண்டு தண்ணி கொண்டாந்தேன். ஒண்ணு தப்பினாலும் இன்னொண்ணு அணைச்சிரும்.”

தண்ணீர் நெருப்பை அணைக்கும். ஹரிணி முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. பாறையைப் பற்றி ஒரு பொய் சொல்லிவிட்டு, தண்ணீரைப் பார்த்ததும் அது பாறைக்குத்தான் வந்தது என்று முடிவு கட்டியிருந்தார். இருபது வருஷத்தில் டிக்கெட்டைப் பார்க்காமல் ஒருத்தர் மேலும் அவர் புகார் எழுதினதில்லை. பிளெஸ்ஸி மேல் எழுதிவிட்டார்.

சாயங்காலம் ஹரிணிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

“அப்ப எங்கிட்ட மின்னல்னு சொன்னது?”

“அதுவும்… சும்மாதான் ஆத்தா.”

“சும்மா இல்லப்பா. நானும் சொல்லியிருப்பேன்னு நெனச்சீங்க. மொதல்ல போயி அந்த அக்காட்ட மன்னிப்புக் கேளுங்க. எனக்கு அப்பறம் போன் பண்ணுங்க.”

வார ஓய்வு நாளில் அறந்தாங்கி போய், அங்கிருந்து கட்டுமாவடி பஸ் பிடித்தார். டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே போனார். ஐஸ் கம்பெனி வாசலில் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அரைக்கிற ஐஸின் சத்தத்துக்கு நடுவே, கையில் ரசீதுக் கட்டோடு ஒரு பெண் பெட்டிகளைச் சத்தமாக எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். குரலைக் கேட்டதும் அவள்தான் என்று தெரிந்தது.

“பிளெஸ்ஸிங்களா? நான் நாகராசு.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “வாங்க சார். அந்த நெழலுக்கு வந்துருங்க, தண்ணி தெறிக்கும்.”

“தப்புப் பண்ணிட்டேம்மா. டீச்சர் ரீப்ளேவப் பாத்துருக்காங்க. அது தெறந்து கெடக்குறதே எனக்குத் தெரியாது.”

“நானும்தான் பாப்பேன். ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.” அவள் ஒரு பெட்டியில் கோடு போட்டாள். “ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாம் சார்.”

“கேட்டா யாரு உண்மையச் சொல்லப் போறான்னுதான்…”

“நான் சொல்லியிருப்பேன்.” அதைச் சத்தமில்லாமல்தான் சொன்னாள். “அன்னைக்கு ஞாயித்துக்கெழமையும் எனக்கு வேல. அந்த மெசேஜப் பாத்தப்ப எங்க ஆபீஸ் ஆளுங்க பக்கத்துல இருந்தாங்க. என்னாச்சுன்னு கேட்டாங்க. ஒரு விளையாட்டுக்காக அழுதேன்னு சொல்ல முடியுமா?”

கையைக் கூப்பினார். அவள் அதைத் தடுக்கவும் இல்லை, வாங்கிக்கொள்ளவும் இல்லை.

“மே மாசப் போட்டில ஜோடியா ஆடலாமாம்மா?”

“இல்ல சார். டீச்சர் நேத்துக் கேட்டாங்க. சரின்னுட்டேன்.”

நாகராசு தலையாட்டிவிட்டு வந்து பஸ் ஏறினார். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போகவில்லை, உள்ளே பழைய சந்தேகம் எழுந்தது. நேற்றுத்தான் கேட்டார்களா? முன்னாலேயே இரண்டு பேரும் பேசி வைத்திருந்தால்? நோட்டு, ரீப்ளே எல்லாம் ஜோடனையாக இருந்தால்? டீச்சர் ஏன் தானாக வந்து கும்பிட்டார்? அறந்தாங்கி வரைக்கும் அந்தக் கேள்விகள் அவரைச் சும்மா விடவில்லை. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் போனை எடுத்துத் தன்னுடைய ரீப்ளே பக்கத்தைத் திறந்து, நின்றுகொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தார். கங்கு. கங்கு. கங்கு. பதினெட்டாவது ஆட்டத்தில் நிறுத்தினார். அதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் இல்லை. ஹரிணிக்குப் போன் செய்தார்.

“கேட்டுட்டேன் ஆத்தா. மன்னிச்சிட்டாங்கன்னு சொல்ல முடியாது.”

“போனீங்கள்ல, அது போதும்.”

“ஒனக்கு லீவு எப்ப? ஜோடிக்கு ஆள் இல்ல.”

ஹரிணி மே மாதம் வந்தாள். வந்த அன்றைக்கே அவருடைய போனை வாங்கிக்கொண்டாள். பூட்டையும் காக்காவையும் டீமிலிருந்து தூக்கினாள். அந்த இடத்தில் ஒரு மண் பன்றி, ஒரு மின்னல் பூனை, இரண்டும் அடிக்கிற சாதி. “எதுக்கு இதுன்னு கேக்காதீங்க, மொதல்ல பத்து ஆட்டம் ஆடுங்க” என்றாள். ஏழு ஆட்டம் தோற்றார்கள். எட்டாவதிலிருந்து பூதங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கத் தொடங்கின. ஊருணி அடி வாங்குகிற நேரத்தில் பூனை முந்தி அடித்தது. பூனையின் பலவீனத்தைக் கத்தாழை மூடியது. காவல் குறைந்தது நாகராசுக்கு முதலில் ஒப்பவில்லை. பிறகு பழகிவிட்டது.

மண்டபத்தில் பதினாறு ஜோடிகள். அப்பாவும் மகளும் அரையிறுதி வரைக்கும் போனார்கள். அங்கே எதிரே உட்கார்ந்தது டீச்சரும் பிளெஸ்ஸியும். மூன்று ஆட்டத்தில் ஒன்றை நாகராசு ஜோடி எடுத்தது, இரண்டை அவர்கள் எடுத்தார்கள். எழுந்திருக்கும்போது பிளெஸ்ஸி, “டீம் இப்ப நல்லாருக்கு சார்” என்றாள்.

“ஹரிணி கட்டுனது” என்றார் அவர்.

வெளியே வந்து பரோட்டா கடையில் உட்கார்ந்தார்கள். கடைசிச் சுற்றில் ஊருணியை உள்ளே இழுத்து வேறு பூதத்தை இறக்காமல் விட்டதற்கு ஹரிணி சாப்பாட்டு இலை போட்டதிலிருந்து திட்டிக்கொண்டே இருந்தாள். நாகராசு மறுத்துப் பேசாமல் குருமாவைத் தொட்டுச் சாப்பிட்டார்.